வெள்ளிக்கிழமைக் கசிவு

– நக்கிப் பாருங்க, டீச்சர்.

– என்ன?

– என் விரல இல்ல லா. உங்க விரல. பேட்டரிப் பெட்டிக்கு மேல, தரையோட அடிப்பக்கம், கைய விட்டுத் தொட்டு நக்கிப் பாருங்க.

– அஸ்லாம், நான் முப்பத்திரண்டு வருசம் பிசிக்ஸ் படிப்பிச்சவள். ஆய்வுக்கூடத்தில எதையும் வாயில வைக்கக் கூடாது எண்டு உனக்கும்தான் சொல்லித் தந்தன்.

– அதனாலதான் ஃபெயில் ஆனேன். உப்பு இருக்கா?

– இல்லை.

– அப்ப கடல் தண்ணி இல்ல. மழைத் தண்ணியும் இல்ல. உங்க படகு நாலு மாசமா என் பட்டறையில, கூரைக்குக் கீழ, ஸ்டாண்டு மேல நிக்கிது. இந்த உம்பாய் ஊர்ல மழை பெஞ்சா என் ஆபீஸ் மேசை நனையும். உங்க படகு மேல ஒரு சொட்டு விழாது.

– மரத்துக்குள்ள தேங்கி நிண்டதுதான் வடியுது எண்டு போன மாசம் நீதானே சொன்னனீ?

– சொன்னேன். தப்பாச் சொன்னேன். இங்க பாருங்க. நீங்க நின்னு ஓட்டுற இந்த காக்பிட் தரை, மேல ஃபைபர், கீழ ஃபைபர், நடுவுல பிளைவுட். இருபது சென் காசால தரை முழுக்கத் தட்டிப் பாத்தேன். நல்ல மரம்னா டக் டக்னு கேக்கும். உளுத்துப் போயிருந்தா தொப்புனு கேக்கும். முன்பக்க இடது மூலை மட்டும் தொப்பு. அதான் நாலு நாளைக்கு முன்னாடி வெட்டித் திறந்தேன்.

– கறுப்பா இருக்கு. ஊறின கேக் மாதிரி.

– கையாலயே அள்ளலாம். ஆனா இவ்வளவுதான். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. மத்த இடமெல்லாம் கல்லு. படகு நல்ல படகு, டீச்சர். கோளாறு இந்த ஒரு மூலையில மட்டும்தான்.

– தண்ணி போற ஓட்டையில இருந்து வந்திருக்கும். இல்லாட்டி மூடியோட ரப்பர்.

– ரெண்டையும் மாத்தியாச்சு. போன வாரம் ஓட்டையெல்லாம் அடைச்சு, காக்பிட் பின்பக்கம் பூரா தண்ணி நிரப்பி, துணிக்குப் போடுற நீலத்தக் கலந்து, ஒரு ராத்திரி விட்டேன். கீழ நீலமா ஒரு சொட்டு வரல.

– பிறகு எங்கால வருது? அந்த மூவார் ஊர்க்காரர் இண்டைக்கு நாலு மணிக்குப் படகு பாக்க வாறார். வாங்க வாற மனுசனுக்கு நான் காரணம் சொல்ல வேண்டாமா?

– தரையத் திறந்து போட்டபடியே காட்டப் போறீங்களா?

– உளுத்ததை மூடி விக்கிறவள் நான் இல்லை.

– விக்கத்தான் வேணுமா?

– வாக்குக் குடுத்திட்டன். எஞ்சின் நிண்டு, பூலாவ் பெசார் தீவுக்கு அங்கால ஆறு மணித்தியாலம் மிதந்தன் தானே. ரேடியோவும் இல்லை. பேட்டரி நனைஞ்சு செத்துப்போச்சு. வேற படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டவுடன, ஜெட்டியில நிண்டு என்ர மனுசன் கேட்டார். ஒருக்காத் திருத்தும், பேந்தும் தண்ணி கசிஞ்சால் வித்துப்போடும் எண்டு. நான் ஓம் எண்டன். நீ திருத்தினாய். பேந்தும் கசிஞ்சிட்டுது.

– கூரைக்குக் கீழ கசிஞ்சா கணக்குல சேருமா?

– கசிவு கசிவுதான்.

– அம்பிகைபாகன் அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாத்திருக்கலாம்.

– நாப்பது வருசம் பாங்கில லோன் குடுத்த மனுசன். கையெழுத்தைப் பாப்பார், முகத்தைப் பாக்கமாட்டார். விடு. பள்ளிக்கூடத்தில மணி அடிச்சுது. வீட்டில போன் அடிக்குது. இதுக்குள்ள வந்து நிண்டால் ஒண்டும் அடிக்காது. அது கொஞ்ச நாள் கிடைச்சுது. சரி, நீ காரணத்தைச் சொல்லு.

– ஒரு நிமிஷம் லா. அங்க செவுத்தப் பாருங்க. சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கேன். ஈரம் பாக்கற மீட்டர் காட்டின நம்பர். தினம் கீழேர்ந்து பல்பு போட்டு, ஃபேன் போட்டு இந்த மரத்தக் காய வைக்கிறேன்ல.

– திங்கள் இருபத்தஞ்சு. புதன் இருபது. வியாழன் பதினாறு. சரி, காயுது. சனி... முப்பத்தொண்டா?

– அடுத்த வாரம் பாருங்க.

– வியாழன் பதினேழு. சனி முப்பது. அதுக்கு அடுத்த வாரமும் அப்பிடித்தான். அஸ்லாம், அப்ப வெள்ளிக்கிழமை என்ன நடக்குது?

– வெள்ளிக்கிழமை நான் இங்க இருந்தாத்தானே தெரியும். பன்னெண்டரைக்கு நானும் என் ஆளுங்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிடுவோம். ரெண்டரைக்குத்தான் வருவோம். கேட்டப் பூட்டறதில்ல. உளுத்த படக யாரு தூக்கிட்டுப் போவா?

– அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஆரோ வந்து தண்ணி ஊத்துறாங்கள் எண்டுறியா?

– தண்ணி மட்டும் இல்ல. மோந்து பாருங்க.

– புளிச்ச மணம்.

– புளிச்ச பால். குப்பைத் தொட்டியில ஒவ்வொரு வெள்ளியும் ஒரு லிட்டர் பால் பெட்டி கிடக்கும். என் ஆளுங்க பூனைக்கு வைக்கிறானுங்கன்னு நெனச்சேன். பூனை ரொம்ப நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்.

– பால். அந்த மூலையில. ஐயோ, அஸ்லாம், அந்த மூலையில இருக்கிறது...

– நான் சொல்லல டீச்சர். நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொன்னா தப்பாப் போயிடும். நான் பள்ளிவாசல் பக்கம், நீங்க கோயில் பக்கம். நாலு நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரி தூக்கம் இல்ல.

– பிள்ளையார்.

– நான் அவரத் தொடவே இல்ல. சுத்தி வெட்டினேன். நீங்க வந்து உங்க கையால எடுக்கணும்னு விட்டு வெச்சிருக்கேன்.

– எங்கட இவர்தான் வாங்கிக்கொண்டு வந்து வைச்சவர். ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பில ஒட்டினது எண்டு சொன்னார்.

– டேப்பா? கீழ குனிஞ்சு பாருங்க. டார்ச் பிடிக்கிறேன்.

– ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலு ஸ்க்ரூ.

– மூணு இன்ச் ஸ்க்ரூ. எங்க வாப்பாவோட ஹார்டுவேர் கடையில வாங்கினது. இந்தத் தலைய எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். தரையத் துளைச்சு, மரத்தத் துளைச்சு, நேரா பேட்டரிக்கு மேல வந்து நீட்டிக்கிட்டு நிக்கிது. ஓட்டைய அடைக்க எதுவும் வைக்கல. மேல ஊத்தறது ஸ்க்ரூ வழியா இறங்கி, மரத்த நனைச்சு, மிச்சம் பேட்டரி மேல சொட்டுது.

– அப்ப அண்டைக்கு எஞ்சின் நிண்டது...

– பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற நேரம் ஆச்சு. நான் போயிட்டு வரேன். ஸ்க்ரூடிரைவர் அந்தப் பெட்டியில இருக்கு. டீச்சர், ஒண்ணு மட்டும். ஏணியில யாராவது ஏறினா, மேலேர்ந்து சட்டுனு கத்தாதீங்க. விழுந்துடுவாரு.

– யார் எண்டு நீ சொல்லவே இல்லையே.

– நான் எங்க சொன்னேன்? வரேன் டீச்சர்.

*

– அஸ்லாம்? ஜும்ஆவுக்குப் போகேல்லையா தம்பி? மேல ஆர் நிக்கிறது?

– நான்தான்.

– கஜலட்சுமி. நீர்... லைப்ரரிக்குப் போறன் எண்டல்லோ சொன்னனீர்.

– நீங்கள் போஸ்ட் ஆபீசுக்கு எண்டு சொன்னீங்கள். ஏறி வாங்கோ. மெல்லமா. ஏணி எண்டாலே தலை சுத்தும் எண்டுற மனுசன் வெள்ளிக்கு வெள்ளி எட்டுப் படி ஏறுறீங்கள்.

– நான் என்ன சொல்ல வாறன் எண்டால்...

– பைக்குள்ள என்ன?

– பால்.

– கோப்பி போடவோ?

– இஞ்ச அடுப்பு இல்லையே.

– அதைத்தான் நானும் யோசிச்சன். இருங்கோ. அந்தத் திறந்த இடத்தில கால் வைக்காதேங்கோ. எத்தினை நாளா?

– படகு வாங்கினதில இருந்து. ரெண்டு வருசம். காய்ச்சல் வந்த ரெண்டு வெள்ளி மட்டும் வரேல்ல.

– ஆத்தில கட்டி நிக்கேக்க எப்பிடி ஏறினீங்கள்? தண்ணிக்குப் பக்கத்திலயே வரமாட்டீங்களே.

– பக்கத்துப் படகுக்காரர் பாக் மான் கையைப் பிடிச்சு ஏத்தி விடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவன். கண்ணை மூடிக்கொண்டே ஊத்துவன். அவர் கும்பிடுறன் எண்டு நினைச்சிருப்பார்.

– எனக்கு ஏன் சொல்லேல்ல?

– நீர் சிரிப்பீர்.

– சிரிச்சிருப்பன். சிரிச்சுப்போட்டு, ஸ்க்ரூ ஓட்டையை அடைக்கச் சிலிக்கோன் வைச்சனீங்களோ எண்டு கேட்டிருப்பன்.

– சிலிக்கோனா? அது ஏன்?

– டேப் எண்டு ஏன் பொய் சொன்னீங்கள்?

– படகில ஓட்டை போட நீர் விடமாட்டீர். டேப் எண்டால் அலைக்குக் கழண்டு விழுந்திடும். நீர் கடலுக்கு நடுவில நிக்கேக்க அவர் விழுந்து உடைஞ்சால், நான் கரையில இருந்து என்ன செய்யிறது? அதுதான் அசையாமல் முடுக்கினன். மூண்டு இஞ்சி. அஸ்லாமின்ர தகப்பன் மீரா சாஹிப்பிட்டக் கேட்டு, நீட்டமானதாப் பாத்து வாங்கினன்.

– ஆட்டி எடுக்க ஏலாமல்தான் இருக்கு. நல்லா முடுக்கியிருக்கிறீங்கள். இதில குனிஞ்சு பாருங்கோ. இது என்ன?

– மரம். உளுத்துப் போச்சு.

– ஏன் உளுத்தது?

– உப்புத் தண்ணி. அஸ்லாம் அப்பிடித்தானே சொன்னான்.

– உப்பு இல்லை. நான் நக்கிப் பாத்தனான். பால்.

– பாலா?

– உங்கட பாலும் தண்ணியும் ஸ்க்ரூ வழியா இறங்கி, ரெண்டு வருசமா இந்த மரத்தைத் திண்டிருக்கு. மிச்சம் சொட்டின இடம் பேட்டரி. அண்டைக்கு எஞ்சின் நிண்டதும் அதால. ரேடியோ செத்ததும் அதால.

– கஜா, நான் என்ன சொல்ல வாறன் எண்டால்... கடல்ல நிக்கிற படகு. ஒரு லிட்டர் பால் ஊத்தினால் என்ன ஆகப் போகுது எண்டு நினைச்சன்.

– வெளியில எவ்வளவு தண்ணி நிண்டாலும் படகுக்கு ஒண்டும் ஆகாது. உள்ளுக்குள்ள ஒரு சொட்டு வந்தாலே பிரச்சினை.

– அப்ப அண்டைக்கு நீர் அங்க தனிய மிதந்தது...

– ஓம்.

– என்னாலயா?

– இருங்கோ. அந்தப் பெட்டியில இருங்கோ. முகம் வேர்க்குது. இந்தத் தண்ணியைக் குடியுங்கோ.

– உம்மைக் காப்பாத்த எண்டுதான் ஊத்தினன்.

– தெரியும்.

– ஜெட்டியில நிண்டன். ஆறு மணித்தியாலம். பாக் மான் தேடிப் போறன், வாறியா எண்டு கேட்டார். என்ர கால் படகுக்கு வரேல்ல, கஜா. பலகையில நிண்டுகொண்டே இருந்திட்டன். பொண்டாட்டி கடல்ல. நான் பலகையில. அவர் என்னை ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் பெரிய அவமானம்.

– இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

– என்ன சொல்லுறது? வந்திறங்கினவுடன படகை வித்துப்போடும் எண்டு சொன்னன். அது சொல்ல லேசா இருந்திச்சு.

– ஓட்டைக்குக் காரணம் நீங்கள். ஓட்டையெண்டால் விக்க வேணும் எண்டு வாக்கு வாங்கினதும் நீங்கள். தெரிஞ்சு செய்திருந்தால் நான் உங்களோட ஒரு மாசம் சண்டை பிடிச்சிருப்பன். தெரியாமல் செய்திருக்கிறீங்கள். இப்ப நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?

– என்னோடயே பிடியும். எனக்கு அதுதான் நல்லம்.

– பேந்து பிடிக்கிறன். பாலை அங்கால வையுங்கோ. இண்டைக்கு அவருக்கு அபிஷேகம் இல்லை. இந்த ஸ்க்ரூவைப் பிடியுங்கோ, நான் திருப்புறன். கண்ணை மூடாதேங்கோ.

– இது கடலில்லையே. மூடமாட்டன்.

– மூடியிருக்கிறீங்கள்.

*

– டீச்சர், ரெண்டரை ஆயிடுச்சு. ஓ. அங்கிள் வாங்க. சாப்ட்டீங்களா?

– நடிக்காத, அஸ்லாம். எல்லாம் தெரிஞ்சுதான் என்னை இதில நிக்க விட்டிட்டுப் போனாய்.

– ஜும்ஆவுக்குத்தான் டீச்சர் போனேன். தொழுது முடிச்சு, ரெண்டு பேருக்கும் சண்டை வரக்கூடாதுன்னு தனியா ரெண்டு நிமிஷம் துஆவும் கேட்டேன். ஸ்க்ரூவக் கழட்டியாச்சா?

– நாலும் கழட்டியாச்சு. துரு.

– பிள்ளையார் எங்க?

– இவர்ட மடியில.

– அங்கிள், முகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? எல்லாப் படகுலயும் யாராவது ஒரு ஓட்டை போடத்தான் செய்வாங்க. தூண்டில் கம்பு நிறுத்துற ஸ்டாண்டு, கப் ஸ்டாண்டு, ஃபேன். ஓட்டை போட்டா அடைக்கணும்னு யாருக்கும் தெரியாது. போன மாசம் ஒருத்தர் படகுல கராவோக்கே ஸ்பீக்கர் மாட்டி முழு மேல்தட்டும் போச்சு. உங்களுது ஒரு தட்டு அளவுதான்.

– திருத்தலாமா தம்பி? உண்மையைச் சொல்லும். இவவுக்காகச் சொல்ல வேண்டாம்.

– உளுத்தது எல்லாம் வெட்டி எடுத்துருவேன். சுத்தி நல்ல மரம் வர்ற வரைக்கும் சுரண்டுவேன். புது மரைன் பிளைவுட், எல்லாப் பக்கமும் ரெசின் குடிக்க வெச்சு ஒட்டுவேன். மேல கண்ணாடி நார்ப் பாய் மூணு அடுக்கு. அப்புறம் வெள்ளைப் பூச்சு. நீங்களே வந்து காசால தட்டிப் பாருங்க. டக் டக்னுதான் கேக்கும்.

– எவ்வளவு நாள்?

– யாரும் பால் ஊத்தலன்னா மூணு வாரம்.

– இவர்?

– யாரு, பிள்ளையாரா? அவரு அதே இடத்துல இருக்கலாம். ஸ்க்ரூ போற இடத்துல மொதல்ல பெருசா ஓட்டை போடணும். அதுல எபோக்ஸிப் பசை ஊத்தி, கல்லா ஆன பிறகு, அந்தக் கல்லு நடுவுல சின்ன ஓட்டை. ஸ்க்ரூவுக்கும் மரத்துக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. அப்புறம் நான் ஒண்ணு யோசிச்சேன். சொல்லலாமா?

– சொல்லு.

– அவருக்குக் கீழ ஃபைபர்லயே ஒரு சின்னத் தட்டு வார்த்துடறேன். ஓரம் கொஞ்சம் ஒசரமா. ஒரு பக்கம் மூக்கு மாதிரி ஒரு வாய், அதுல ஒரு குழாய். மேல என்ன ஊத்தினாலும் நேரா கடலுக்குப் போயிடும். ஆயர் குரோ போற வழியில உங்க கோயில் ஒண்ணு இருக்குல்ல, அங்க செவுத்துக்கு வெளிய கல்லுல நீட்டிக்கிட்டு இருக்குமே. லாரியில போகும்போது பாத்திருக்கேன். அதுக்குப் பேர் என்னமோ.

– கோமுகி.

– அதான் அங்கிள். கோமுகி. அத ஃபைபர்ல நான்தான் முதல்ல செய்யறேன்னு நெனக்கிறேன்.

– கஜா, கேட்டீரா? கோமுகி வைச்சுத் தாறாராம்.

– கேட்டுது. ஆருக்கு வைச்சுத் தாறார்? மூவார்க்காரருக்கா? அவர் ஒரு சீனர் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அவருக்குக் கோமுகி எதுக்கு?

– அது...

– மணி மூண்டாகப் போகுது. நாலுக்கு அவர் வாறார். ரெண்டு மாசமா அவர் வருவார், வருவார் எண்டு நான் இந்தப் படகைத் தண்ணியில இறக்கவே இல்லை.

– நான் என்ன சொல்ல வாறன் எண்டால், வாக்கை விட்டிடும். நான்தான் கேட்டனான். நானே வேண்டாம் எண்டு சொல்லுறன். என்ர பிழைக்கு நீர் ஏன் படகை விக்க வேணும்?

– எனக்கு நீங்கள் விடலாம். அந்த மனுசனுக்கு? அவரும் எங்களை நம்பித்தானே நிக்கிறார். மூவாரில இருந்து ஒண்டேகால் மணித்தியாலம் ஓடி வரப்போறார். வந்தவரிட்ட, காரணம் மாறிப்போச்சு, போயிட்டு வாங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

– வராட்டியும் சொல்லலாம் டீச்சர். நான் பேசறேன். மூவார் படகுக்காரங்க பாதிப் பேர எனக்குத் தெரியும். அங்கிள், நம்பர் குடுங்க. இப்பவே அடிச்சு வராதீங்கன்னு சொல்லிடறேன். பாதி வழி வந்துட்டாருன்னா உம்பாய்ல நானே நண்டு வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பறேன்.

– நம்பர்...

– போனைத் தாங்கோ, நான் எடுத்துக் குடுக்கிறன். பேர் என்ன? லிம் எண்டா சொன்னீங்கள்?

– லிம் எண்டு இல்லை.

– டான்?

– கஜா, போனை விடும். அதில இராது.

– ஏன் இராது? எத்தினை தரம் அவரோட கதைச்சனீங்கள்? காலமை காலமை அவரைப் பாக்கப் போறன் எண்டுதானே காரை எடுத்துக்கொண்டு போனீங்கள்? ரெண்டு மாசம், கிழமைக்கு மூண்டு நாள்.

– அது ஆயர் குரோ நீச்சல் குளத்துக்கு. எட்டு வயசுப் பிள்ளையளோட ஒரே வகுப்பு. நேத்துத்தான் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நிக்காமல் போனன்.

– நீங்களா? தண்ணிக்குள்ளயா? அப்ப அந்த மூவார்க்காரர்?

– அப்பிடி ஒருத்தர் இல்லை, கஜா. நான் நீந்தப் பழகிற வரைக்கும் நீர் என்னை விட்டிட்டுக் கடலுக்குப் போயிடக் கூடாது எண்டு, நாலு மணிக்கு வர ஒரு ஆள் தேவைப்பட்டார்.